ஆள் குறையுது

செத்தவர்களுக்குக் காவல் இருக்க ஆள் எடுத்தபோது அவர்கள் கேட்ட தகுதி ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பிக்கிறவர் வீட்டில் யாரும் செத்திருக்கக் கூடாது.

சுடலைவடிவு அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். பொய் எழுதவில்லை. அப்பா கப்பல் வேலைக்குப் போய் மங்களூரில் இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். அம்மா ஓடிப்போனவள். ஓடிப்போனவள் என்றால் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்றுதானே பொருள்.

தூத்துக்குடியில் அவர்கள் தெருவுக்கே தெரிந்த கதை அது. ஒன்பது வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசி மழை நாளில், வடிவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மா விடிந்தும் விடியாமல் வீட்டைவிட்டுப் போனாள். திரும்பவில்லை. அவள் எவனோடோ மதுரை பஸ்ஸில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கனிமுத்து அண்ணாச்சி தெருவில் நின்று சத்தியம் செய்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போகிறவள் மகளின் பள்ளிக்கூட மழைக்கோட்டையும் தூக்கிக்கொண்டு போனாளே என்று அதையும் சேர்த்துப் பேசினார்கள். அன்றைக்கு வடிவு தொப்பலாக நனைந்துதான் பள்ளிக்கூடம் போனாள். அம்மா போனதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம், அந்த மழைக்கோட்டை மன்னிக்க முடியாது என்று ஒன்பது வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளை வளர்த்தது பெரியம்மா பிச்சம்மாள். கருவாட்டு வியாபாரம், கணீர்க் குரல். தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி பெரியம்மாவுடையதுதான். ஆனால் சொந்தத் தங்கச்சிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

"செத்திருந்தான்னா மாரடிச்சு அழுதிருப்பேன். ஓடிப்போனவளுக்கு ஒப்பாரி ஏதுளா?" என்பாள். சொல்லிவிட்டுக் கருவாட்டுக் கூடையை வேண்டுமென்றே சத்தமாக நகர்த்துவாள்.

வேலை கிடைத்த இடத்துக்கு அமைதி நிலையம் என்று பெயர். ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் சாலையில், உப்பு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கி. மேலாளர் எட்வின் ஜெயசிங் நல்ல மனிதர்தான், ஆனால் படிவப் பைத்தியம். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. 'வளர்ப்புப் பிராணி' என்ற கட்டத்தை வடிவு விட்டுவிட்டாள் என்று திருப்பிக் கொடுத்தார். "தெருப்பூனை ஒண்ணு எப்பவாச்சும் வரும் சார்" என்றாள். "அதை எழுதும்மா" என்றார்.

பெயரைப் படித்ததும் சிரித்தார். "சுடலைமாடன் சுடுகாட்டுக்குக் காவல், சுடலைவடிவு எங்களுக்குக் காவல். பொருத்தம்தான். வேலை என்னன்னு தெரியுமா?"

"செத்தவங்க பேச்சுப் பெட்டியைப் பார்த்துக்கணும்னு சொன்னாங்க."

"ஆபத்தான வேலை செய்றவங்க நெத்தியில பட்டை கட்டியிருப்பாங்களே, பார்த்திருப்ப. தூக்கம் வந்தாலோ குளிர்ல புத்தி மந்தமானாலோ அது கத்தும். அதுக்காக அவங்க மனசையே ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கும். ஆள் செத்தாலும் பிரதி இருக்கும், பேசும். பதினாறு நாள் வீட்டுக்காரங்க பேசி முடிச்சுக்கலாம். அப்புறம் அதுவா அடங்கிடும், அணைச்சிடுவோம். நூத்துல ஒண்ணு அடங்காது. பேசிக்கிட்டிருக்கிறதை அணைக்கக் கூடாதுன்னு கோர்ட்டு தீர்ப்பு. அடங்காததெல்லாம் இங்க வரும்."

"அதுக்கு எதுக்கு சார் காவல்? பெட்டி எந்திரிச்சு ஓடவா போகுது?"

"வீட்டுக்குப் போன் போடும்மா." ஜெயசிங் சிரிப்பை நிறுத்தினார். "எந்த லைன் கிடைச்சாலும் பிடிச்சுக்கும். போன வருசம் ஒரு அம்மாவுக்கு செத்த மகன்கிட்டேருந்து போன். கூப்பிட்டான்னு கடலுக்குள்ள நடந்து போயிட்டாங்க. அதனால சிவப்பு விளக்கு எரிஞ்சா நீ லைனைத் துண்டிக்கணும். துக்கம் பார்த்தவங்களை உட்கார வச்சா இரக்கப்பட்டுத் திறந்து விட்டுடுறாங்க. சின்ன வயசு, சாவு தெரியாத மனசு, அதுதான் இதுக்குச் சரி."

விதிகள் மூன்று. கொடுத்த வாசகத்தைத் தவிர எதுவும் பேசக் கூடாது. செத்துவிட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. தன்னைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

அவளுக்கு ஒதுக்கியது ஏழாம் அறை. சுவரலமாரியில் டிபன் டப்பா அளவில் பதினொரு பெட்டிகள், நடுவில் ஓர் ஒலிபெருக்கி, மேசையில் ஒரு மைக், ஒரு கோப்பு. கோப்பைத் திறந்தாள். இறால் கம்பெனி, குளிர் அறை இரண்டு, அம்மோனியா கசிவு, இறந்த பெண்கள் பதினொருவர். 'வெளியேறும்படி சொல்லியும் கேளாமல் வாசலை மறித்து நின்றனர். சாவுக்குக் காரணம் அவர்களுடைய குழப்பமே' என்று முடித்திருந்தார்கள். தேதியைப் பார்த்தாள். அம்மா போன அதே நாள். ஊரே பதினொரு பிணத்துக்கு அழுதுகொண்டிருந்ததில் ஓடிப்போனவளைத் தேட ஒருவருக்கும் நேரமில்லாமல் போயிற்று என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்தப் பெண்கள்மேல்கூட அவளுக்கு அதில் ஒரு பழைய கோபம் உண்டு.

ஒலிபெருக்கி உயிர் பெற்றது.

"அன்னத்தாய்!"

"இந்தா வாரேன்! பவுலின்!"

"இந்தா வாரேன்! சண்முகக்கனி!"

ஒருத்தி பெயரை இன்னொருத்தி கூப்பிட, கூப்பிடப்பட்டவள் பதில் சொல்லித் தனக்குப் பின்னால் நிற்பவளைக் கூப்பிட்டாள். குளிர் அறைக் கதவு வெளியிலிருந்துதான் பூட்டும். உள்ளே ஒருத்தி விட்டுப்போனால் காலையில் விறைத்த இறாலோடு இறாலாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் அந்தப் பெண்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் இது. கடைசி ஆள் 'எனக்குப் பின்னால ஆளில்ல, சாத்து' என்று சொன்னால்தான் கதவு மூடும்.

"மாரிக்கனி!"

"இந்தா வாரேன்! புதுசு!"

பதில் இல்லை.

"ஏ புதுசு! புதுசு!"

பதினொரு பெட்டிகளும் காத்திருந்தன. பிறகு முதல் குரல், கூட்டத்துக்குத் தலைவி செபஸ்தியம்மாளின் கட்டைக் குரல், சொன்னது: "ஆள் குறையுது. கதவைச் சாத்தாதீய. மொதல்லருந்து கூப்பிடு."

திரையில் அவர்கள் பேச்சு எழுத்தாக ஓடியது. 'புதுசு' என்ற இடத்தில் மட்டும் இயந்திரம் 'பொருளற்ற சொல்' என்று போட்டது. வடிவு வாசகத்தைப் படித்தாள். "நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். வேலை முடிந்துவிட்டது. அமைதி கொள்ளுங்கள்."

"வேலை முடிஞ்சா ஆளு வெளிய வரணும்லா?" என்றாள் செபஸ்தியம்மாள். "அன்னத்தாய்!"

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை. முன்னால் இருந்த காவல்காரர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வடிவு மூன்று வாரம் பொறுத்தாள். பொறுமை அவள் பரம்பரையிலேயே கிடையாது. பதினொரு பெட்டிக்குப் பன்னிரண்டு பெயர் எப்படி வரும் என்ற கேள்வி செருப்புக்குள் விழுந்த கல் போல உறுத்திக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டாம் நாள் காலை, வாசகத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"புதுசுன்னா யாரு?"

பெயர் கூப்பிடுவது பாதியில் நின்றது. ஒன்பது வருடத்தில் அவர்களிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை.

"யாருளா அது?" என்றாள் செபஸ்தியம்மாள்.

"இங்க காவலுக்கு வந்திருக்கேன்க்கா."

"கேள்வி கேக்கத் தெரிஞ்ச காவலா? நல்லாருப்ப. புதுசுன்னா புதுசுதான். அன்னைக்குத்தான் வேலைக்கு வந்தா. கப்பலுக்குச் சரக்கு போகணும்னு கனிமுத்து காலையில அவசரமா கூட்டியாந்து விட்டான். ஏட்டுல பேரு கிடையாது. நெத்தியில பட்டை கிடையாது. பேரு என்னன்னு கேக்கக்கூட எங்களுக்கு நேரமில்ல."

"கோட்டுக்கூட குடுக்கலக்கா அவளுக்கு." இது மாரிக்கனி. சின்னப் பெண்ணின் குரல், சாகும்போது வடிவுக்கு இப்போதிருக்கும் வயதுதான் இருந்திருக்கும். "அந்தக் குளிருக்கு அவ மக பள்ளிக்கூடத்துக்குப் போடுத மழைக்கோட்டை மாட்டிட்டு வந்திருந்தா. மஞ்சக் கலரு. முதுகுல வாத்துப் படம். கை முழங்கை வரைக்குந்தான் எட்டுச்சு. நாங்க சிரிச்ச சிரிப்பு! அவளும் சேந்து சிரிச்சா. மழை பெருசா புடிக்கதுக்குள்ள வீட்டுக்குப் போகணும், எம்பிள்ள நனைஞ்சிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

வடிவு மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். "அந்த வாத்துக்கு ஒரு கண்ணு இருக்காதோ?"

"ஆமா! ஒனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாம் வகுப்பில் காம்பஸ் முனையால் அந்தக் கண்ணைச் சுரண்டி எடுத்தவளே அவள்தான். வடிவு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒன்பது வருடம் சேர்த்து வைத்த கோபமெல்லாம் போக இடம் தெரியாமல் நெஞ்சில் முட்டியது. எவ்வளவு திட்டியிருக்கிறாள்! கனவில்கூடத் திட்டியிருக்கிறாள்.

"அது எங்க அம்மா" என்றாள்.

செபஸ்தியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அழுதியாளா? அழு. ஆனா கேட்டுக்கோ. நாங்க அவளை விட்டுட்டு வரல."

"பின்ன அவ ஏன் வரல?"

"புகை. வெள்ளையா, கை தெரியாம. எங்களுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் வாசல் தெரியும். புதுசுக்குத் தெரியாதுலா. மாரிக்கனி கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா, கோட்டு ஈரத்துல வழுக்கிட்டு. சத்தம் கொடுத்தாத்தான் வாசல் எந்தப் பக்கம்னு அவளுக்குத் தெரியும். அதான் கூப்பிட்டோம். வெளியேருந்து கதவைத் தள்ளுனாங்க. ஆள் குறையுது, சாத்தாதீயன்னு கத்துனோம். கனிமுத்து அந்தப் பக்கந்தான் நின்னான். புகை வெளிய வந்துரும், தள்ளுங்கலேன்னு அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சாத்திட்டாங்க" என்றாள் செபஸ்தியம்மாள்.

மறுநாள் ஜெயசிங் அவளைக் கூப்பிட்டுவிட்டார். மேசையில் இரண்டு டீ இருந்தது. தட்டு வைத்து மூடிய டீயைப் பார்த்ததுமே வடிவுக்குப் புரிந்துவிட்டது, இது திட்டுவதற்கான அழைப்பு இல்லை.

"பேசினது எல்லாம் பதிவாகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். வேலை போச்சா?"

"போகணும். ஆனா உட்கார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இது தெரியாதும்மா. இயேசுவுக்குப் பொதுவாச் சொல்றேன், தெரியாது."

"இப்ப தெரிஞ்சிருச்சுல்லா. செத்தது பன்னெண்டு பேருன்னு எழுதுங்க."

"எதை வச்சு எழுதறது? ஏட்டுல பேரில்லாத உடம்பை அன்னைக்கே மறைச்சிருப்பாங்க. பிரதி சொல்றது சட்டத்துல சாட்சி ஆகாது. உயிரோட இருக்கிற ஆள் சொல்லணும், இல்ல முத்திரை போட்ட காகிதம் வேணும். ஊர்ல விசாரிச்சேன். கனிமுத்து, அவங்க பஸ் ஏறினதைப் பார்த்தேன்னு மறுபடியும் சொன்னா முடிஞ்சுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு இலை போட்டுக் கொடுக்கிற சட்டம் என்று வடிவு நினைத்தாள்.

"வெள்ளிக்கிழமை, பெட்டி அடங்கிடுச்சான்னு பார்த்து எழுதுற அடக்கச் சான்று அதிகாரி வராங்க. வருசத்துக்கு ஒருதடவை. அந்தப் பெண்கள் 'புதுசு'ன்னு கூப்பிடும்போது நீ 'இந்தா வாரேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. மகளோட குரல், நம்பிடுவாங்க. பன்னெண்டு பேர் ஆச்சுன்னு கதவைச் சாத்திடுவாங்க. ஒன்பது வருசமா குளிர்ல நிக்கிறவங்களுக்கு விடுதலை. யோசிச்சுப் பாரும்மா. உனக்கும் வேலை நிரந்தரம். படிவத்துல 'இல்லை'ன்னு இருக்கிறது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

பெட்டிகள் அடங்கினால் அணைத்துவிடலாம், அணைத்துவிட்டால் பன்னிரண்டாவது பெயரைக் கூப்பிட உலகத்தில் வாயே இருக்காது. வடிவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் இந்த ஓநாயின் கண்ணில் கொஞ்சம் நிஜக் கண்ணீரும் இருந்தது, அதுதான் அவளைக் குழப்பியது. குளிரில் நிற்கிறார்கள் என்பது உண்மைதானே. தன் அம்மாவுக்காக அவர்களை இன்னும் எத்தனை வருடம் நிற்க வைப்பது? அதைக் கேட்கிற உரிமை தனக்கு உண்டா?

வியாழக்கிழமை காலை அவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தாள். மிச்சமிருந்த விதியையும் மிதித்தாயிற்று.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். மனசைத் தேத்திக்கிடுங்க. நீங்கல்லாம்..."

"செத்துட்டோம். அதுதான?" என்றாள் செபஸ்தியம்மாள்.

ஒலிபெருக்கியில் சிரிப்பு கிளம்பியது, ஒன்றன் பின் ஒன்றாகப் பதினொரு சிரிப்பு.

"எத்தனை வருசமாச்சு?"

"ஒம்பது."

"ஒம்பது வருசமா ஒருத்திக்கும் பசிக்கல, ஒண்ணுக்கு முட்டல. பவுலினு ஒருதடவகூட புருசனைத் திட்டல. இதுகூடவா எங்களுக்குத் தெரியாதுளா? நீங்க நலமா இருக்கீயன்னு நீ படிக்கும்போதெல்லாம் அன்னத்தாய் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பா."

"தெரிஞ்சுமா கூப்பிடுதீய?"

"செத்தா என்ன? ஆள் குறையுதுல்லா?"

வடிவு ஜெயசிங் சொன்னதைச் சொன்னாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் அடங்கிவிடலாம்.

"எனக்கு அலுப்பா இருக்குக்கா," என்றாள் பவுலின். "கால் வலிக்கல. ஆனா நிக்க அலுப்பா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"அலுப்புன்னா நீ போ பவுலினு. இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

பவுலின் யோசித்தாள். செத்தவர்கள் யோசிப்பதைக் கேட்க முடியும், ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சலாக வரும். "நான் போனா ரெண்டு ஆள் குறையும்," என்றாள் கடைசியில். "வேண்டாம். கூப்பிடுங்க."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் செபஸ்தியம்மாள். "ஆனா முடிவு எங்களுது இல்ல. அவ மக நீ. நாளைக்கு நீ வாரேன்னு சொன்னா அது அவ சொன்னதுன்னு எடுத்துக்கிட்டுச் சாத்திருவோம். ஒன்னைக் குத்தம் சொல்ல மாட்டோம்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி மெகருன்னிசா வந்தார். உப்பள வெயிலில் வந்த களைப்பு, கையில் குடை, கைப்பையில் முத்திரை. இதே அறையில் ஆறு வருடமாக 'அடங்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறவர். ஜெயசிங் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வடிவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அன்னத்தாய்!"

"இந்தா வாரேன்! பவுலின்!"

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வடிவு மைக்கைப் பிடித்திருந்தாள்.

"மாரிக்கனி!"

"இந்தா வாரேன்! புதுசு!"

'இந்தா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சின்னச் சொல். அப்போதுதான் அவளுக்கு அம்மா தெரிந்தாள். வெள்ளைப் புகைக்குள், கை எட்டாத மஞ்சள் கோட்டோடு, சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அம்மா. ஒருமுறை அவள்மேல் கதவைச் சாத்தினான் கனிமுத்து. இன்னொருமுறை சாத்த மகள் வேண்டுமா?

"வரல," என்றாள் வடிவு. "அவ இன்னும் உள்ளதான் இருக்கா. அவ பேரு புதுசு இல்ல. அவளுக்குப் பேரு இருக்கு. இசக்கியம்மா. கதவைச் சாத்தாதீய!"

ஜெயசிங் எழுந்தே விட்டார். ஒலிபெருக்கி ஒரு கணம் இரைந்தது.

"கேட்டுச்சா எல்லாருக்கும்?" என்றாள் செபஸ்தியம்மாள். "இனிமே பேரு சொல்லிக் கூப்பிடணும். மொதல்லருந்து."

அன்னத்தாய், பவுலின், சண்முகக்கனி என்று இந்த முறை ஓட்டமாக வந்தது. மாரிக்கனி "இந்தா வாரேன்" என்று சொன்ன வேகத்தில் "இசக்கியம்மா!" என்று கூப்பிட்டாள். உடனே பதினொரு குரலும் ஒன்றாகச் சேர்ந்து கூப்பிட்டன. "இசக்கியம்மா! இந்தப் பக்கம்! இசக்கியம்மா!" அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வடிவு அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்பது வருடமாகத் தெருவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

மெகருன்னிசா தன் குறிப்பேட்டில் 'அடங்கவில்லை' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடாமல் கேட்டார். "யாரும்மா இசக்கியம்மா?"

"எங்க அம்மா. இந்தக் குளிர் அறையில செத்தவ."

"பிரதி சொன்னது சாட்சி இல்லை மேடம்!" ஜெயசிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பொண்ணு மூணு விதியையும் மீறியிருக்கு. அதுக்கும் மேல, வீட்டுல சாவு இருக்கிறதை மறைச்சு வேலைக்கு வந்திருக்கு. உங்க முன்னாலேயே இப்பவே நீக்குறேன்."

"நீக்குங்க," என்றாள் வடிவு. "காரணத்தை எழுதிக் குடுங்க."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பணிநீக்கப் படிவத்தை எடுத்தார். கோபத்தில் எழுத்து பறந்தது. காரணம்: குடும்பத்தில் இறப்பு. இறந்தவர் பெயர்: இசக்கியம்மா. உறவு: தாய். நாள் என்ற கட்டத்தில் கோப்பைப் பார்த்து அதே தேதியை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

இறந்த இடம்.

ஜெயசிங் தான் எழுதியதை மேலிருந்து ஒருமுறை படித்தார். சாட்சியாகிற காகிதத்தைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கை அந்தப் பக்கம் போகக்கூடச் செய்தது.

மெகருன்னிசா குடையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத குரலில் சொன்னார். "கட்டம் காலியா இருந்தா நான் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது சார். உங்களுக்குத் தெரியாததா?"

ஜெயசிங் வடிவைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். 'இறால் கம்பெனி, குளிர் அறை இரண்டு.' இறந்த விதம் என்ற கட்டத்தில் 'கதவு வெளியிலிருந்து மூடப்பட்டதால்' என்று எழுதினார். பழக்க தோஷமா, வேறு ஏதாவதா, வடிவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு கட்டங்களையும் எழுதும்போது அவர் கையில் கோபம் இல்லை. நிறுத்தி, நிதானமாக, குழந்தைக்குக் கையெழுத்துப் போட்டுக் காட்டுவதுபோல் எழுதினார். முத்திரை விழுந்தது. அதிகாரியின் முத்திரை அதற்குப் பக்கத்தில் விழுந்தது.

வேலை போன காகிதத்தை இவ்வளவு பத்திரமாக யாரும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னளா இந்நேரத்துல?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

"எதுக்கு?"

"எங்க வீட்டுல ஒரு சாவு உண்டாம்" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினாள் வடிவு.

பெரியம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பெயரைப் படித்தாள், நாளைப் படித்தாள், இடத்தைப் படித்தாள். கடைசிக் கட்டத்தை இரண்டு முறை படித்தாள். வடிவு மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னாள், வாத்தைப் பற்றிச் சொன்னாள், அன்றைக்கு அம்மா கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். பெரியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கொண்டையை அவிழ்த்து விட்டாள்.

"எங்க போறிய பெரியம்மா?"

"ஒம்பது வருசமா அடக்கி வச்சிருக்கேன்," என்றாள். "அதை எங்க போயி அழணும்னு எனக்குத் தெரியும்."

தெருக்கோடியில் சலவைக்கல் பதித்த வீடு கனிமுத்துவுடையது. பெரியம்மா அந்த வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாரில் அறைந்து, தெரு முனைவரை கேட்கும் குரலில் எடுத்தாள்.

"மழைக்கு முன்ன வாரேன்னு சொன்ன மகராசி - ஒன்னை
மறிச்சு வச்ச கதவு எது, எந்தங்கச்சி!
பஸ்ஸேறிப் போனான்னு பழி சொன்னாரே - நீ
பனிக்குள்ள நின்னதை யாரு சொன்னாரே!"

கதவுகள் திறந்தன. முதலில் வந்தது பவுலினின் மகள். பிறகு மாரிக்கனியின் அம்மா வந்தாள். வடிவு காகிதத்தை அவர்கள் கையில் கொடுத்தாள். வாசலை மறித்து நின்ற பைத்தியக்காரிகள் என்று ஒன்பது வருடமாகப் பெயர் வாங்கிய பெண்கள் எதற்காக நின்றார்கள் என்று அவள் சொன்னாள், அதற்கு ஆதாரம் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சத்தம் கேட்டுக் கனிமுத்து வெளியே வந்தார். சாப்பாட்டுக் கை. கூட்டத்தைப் பார்த்தார், காகிதத்தில் இருந்த இரட்டை முத்திரையைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவை இழுத்தார்.

அது மூடவில்லை. வடிவு நடுவில் கையை வைத்திருந்தாள். தேக்குக் கதவு விரல்களை நெரித்தது. அவள் எடுக்கவில்லை.

"சாத்தாதீய அண்ணாச்சி," என்றாள். "ஆள் குறையுது."

அந்த வார்த்தை கனிமுத்துவுக்குத் தெரியும். கதவின் அந்தப் பக்கம் நின்று ஒருமுறை கேட்டவர்தான். அவர் பிடி தானாகத் தளர்ந்தது, கதவு மெதுவாகத் திறந்தது.